வரத்துக் குறைந்த வானத்து ஏரிகள்

கேள்வி:

கொல்லிமலையில் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். போன தை மாதம் ஒரு நாள், ராத்திரிச் சாப்பாடு முடிந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அமாவாசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பிள்ளைகளை விடுதி முற்றத்தில் பாய் விரித்துப் படுக்கச் சொன்னேன். வானம் முழுக்க நட்சத்திரம். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இதெல்லாம் ஒரே நாள்ல பொறந்ததா, இல்ல இன்னும் புதுசு புதுசா பொறந்துக்கிட்டே இருக்கா?" பிறந்துகொண்டேதான் இருக்கிறது என்றேன். விடவில்லை. "அப்ப, முன்னாடி நெறைய பொறந்துச்சா, இப்ப நெறைய பொறக்குதா?" எனக்குப் பதில் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் கேலக்ஸிகள் எப்படி இருந்தன என்பதை யார் பார்த்தார்கள், எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்றும் விளக்குங்கள். எங்கள் மலையில் இருள்வான் பூங்கா வரப்போவதாகச் சொல்கிறார்கள். அதில் இதையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்ட முடியுமா?

ஆசிரியை, வாழவந்தி நாடு, கொல்லிமலை

பதில்:

வணக்கம் டீச்சர். அந்தப் பையனின் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அதே கேள்விக்கு வானியலாளர்கள் ஒரே வரைபடத்தில் பதில் போட்டுக் காட்டியது 1996இல்தான். இவன் முற்றத்துப் பாயில் படுத்தபடியே கேட்டுவிட்டான். அவனை இனியும் காக்க வைக்க வேண்டாம். பதிலை முதலில் சொல்லிவிடுங்கள். முன்னாடிதான் நிறையப் பிறந்தன. உச்சத்தில் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைக்குப் பிறப்பது பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான்.

இனி விளக்கத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள் பார்த்த வானத்திலேயே தொடங்கலாம். தை மாதம் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே நல்ல உயரத்தில் மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்கும். ஓரியன் கூட்டத்தின் இடுப்புப்பட்டை அது. கிழக்கைப் பார்த்து நின்றால் அதற்கு இடப்பக்கம் சிவந்து தெரிவது திருவாதிரை. அதற்கு வயது சுமார் 1 கோடி ஆண்டு. நட்சத்திரக் கணக்கில் இது பச்சைக் குழந்தையின் வயது. ஆனால் பெருத்த உடம்பு, எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிட்டு இப்போதே முடிவை நெருங்கி நிற்கிறது. தலைக்கு நேர் மேலே கொத்தாக இருக்கும் கார்த்திகைக்கு வயது 10 கோடி ஆண்டுகளுக்குக் கொஞ்சம் மேல். பூமியில் டைனோசர்கள் திரிந்த காலத்தில் பிறந்த கூட்டம் அது. நள்ளிரவு நெருங்கும்போது கிழக்கே எழும் சுவாதிக்குச் சுமார் 700 கோடி ஆண்டு. நம் சூரியனுக்கு 460 கோடி. சித்திரை மாதம் இரவு பத்து, பதினொரு மணிவாக்கில் தெற்கே, நடுவானுக்கும் கீழே மங்கலான ஒரு பஞ்சுப் புள்ளி தெரியும். ஒமேகா சென்டாரி என்று பெயர். ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்கள் அடைந்து கிடக்கும் உருண்டை. அதிலுள்ளவை பெரும்பாலும் 1,000 கோடி ஆண்டுகளைத் தாண்டியவை. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாம் ஜாதகத்தில் எழுதும் நட்சத்திரங்களுக்கே ஒன்றுக்கொன்று இவ்வளவு வயது வித்தியாசம். ஒரே நாளில் பிறந்ததா என்ற கேள்விக்கு இதுவே பதில்.

பிறப்பையும் வெறும் கண்ணால் பார்க்கலாம். அந்த இடுப்புப்பட்டைக்கு வலப்பக்கம், கத்தி தொங்குவதுபோலச் சில மங்கலான நட்சத்திரங்கள் இருக்கும். நடுவில் இருப்பதைக் கவனித்தால் புள்ளியாக இல்லாமல், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் கலங்கித் தெரியும். ஓரியன் நெபுலா, ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவு. அங்கே ஹைட்ரஜன் வாயு, மைனஸ் 260 டிகிரி வரை குளிர்ந்த மேகங்களாகத் திரண்டு, தன் பாரம் தாங்காமல் உள்வாங்கி, நடுவில் சூடேறி நட்சத்திரமாகப் பற்றிக்கொள்கிறது. இதில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நட்சத்திரம் பிறக்கக் குளிர்ந்த வாயு வேண்டும். அது இருக்கிற கேலக்ஸி பிரசவிக்கும், தீர்ந்த கேலக்ஸி ஓய்ந்துவிடும். நான் இதற்குமேல் சொல்லப்போவதெல்லாம் அந்த வாயுவின் வரவு செலவுக் கணக்குதான்.

முன்னாடி நடந்ததை யார் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஒளி வந்து சேர நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். 800 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கேலக்ஸியிலிருந்து கிளம்பிய ஒளி இன்றைக்கு நம்மிடம் வந்து சேர்கிறது என்று வையுங்கள். அது கிளம்பியபோது சூரியனும் இல்லை, பூமியும் இல்லை. 340 கோடி ஆண்டுகள் பயணம் செய்த பிறகுதான் சூரியன் பிறந்தது. உங்கள் மலை சார்னக்கைட் பாறையால் ஆனது. அந்தப் பாறை பூமிக்கு அடியில் வெந்து இறுகி ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போதும் அந்த ஒளி வழியில்தான் இருந்தது. ஆகவே அது கொண்டுவரும் படம் 800 கோடி ஆண்டுக்கு முந்தைய படம். வேறுவேறு தொலைவிலுள்ள கேலக்ஸிகளைப் பார்ப்பது, ஒரே ஊரின் கைக்குழந்தைகள், பள்ளிப் பிள்ளைகள், குடும்பஸ்தர்கள், கிழவர்கள் எல்லாரையும் ஒரே திருவிழாவில் பார்ப்பது மாதிரி. எந்த ஒருவர் வளர்வதையும் நாம் உட்கார்ந்து பார்க்கப்போவதில்லை. ஆனாலும் மனுஷன் எப்படி வளர்கிறான் என்பது தெரிந்துவிடும்.

கேலக்ஸிகள் காலப்போக்கில் மாறுகின்றனவா என்பதே ஒரு காலத்தில் பெரிய வழக்காக இருந்தது. பிரபஞ்சம் என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும், தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை என்று ஃபிரெட் ஹாயில் போன்ற வானியலாளர்கள் வாதாடினார்கள். நம் நாட்டு வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் ஹாயிலோடு சேர்ந்து அந்தப் பக்கம் நின்றவர். அது சரியென்றால், எவ்வளவு தூரம் போய்ப் பார்த்தாலும் கேலக்ஸிகளின் அளவும் குணமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்த வழக்கில் முக்கியமான சாட்சிகளில் ஒன்று நம் ஊர் மலையிலிருந்து வந்தது.

நீலகிரியில் ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை. ஒரு மழைநாளில் மலைக்காய்கறித் தோட்டங்களைத் தாண்டிப் போய் அங்கே நின்றிருக்கிறேன். மலைச்சரிவில் அரைக் கிலோமீட்டருக்கும் மேல், 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்துக்குக் கம்பிகள் இழுத்துக் கட்டிய ஒரு தொட்டில் கிடக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி. ஏன் அந்தச் சரிவு? ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 11 பாகை வடக்கே இருக்கிறது. சுமார் 11 பாகை சாய்ந்த, வடக்கு தெற்காக ஓடும் ஒரு சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் தொலைநோக்கியைப் படுக்க வைத்தால், அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு தொட்டிலை ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், வானில் நகரும் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். மலையின் சாய்வையே கருவியாக்கிய அந்த யோசனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். சமவெளிக்காரருக்குக் கிடைக்காத வசதி அது. உங்கள் மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அந்தத் தொலைநோக்கி நிலாவைப் பயன்படுத்தியது. ரேடியோ அலைகளை வலுவாக வெளியிடும் கேலக்ஸியை ரேடியோ கேலக்ஸி என்பார்கள். அப்படி ஒன்றை நிலா மறைக்கும்போது அதன் சமிக்ஞை எப்படி விட்டுவிட்டுக் குறைகிறது, நிலா விலகும்போது எப்படித் திரும்புகிறது என்று பதிவு செய்தால், அந்தக் கேலக்ஸியின் அளவு தெரிந்துவிடும். இப்படி நூற்றுக்கணக்கில் அளந்து சேர்த்தார்கள். 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, தூரத்து ரேடியோ கேலக்ஸிகள் தூரத்தால் சிறிதாகத் தெரிவது மட்டுமில்லை, உண்மையிலேயே சிறிதாக இருந்தன என்பது புலப்பட்டது. பழைய காலம் இன்றைய காலம் மாதிரி இல்லை. மாறாத பிரபஞ்சம் என்ற வாதத்துக்கு இது பெரிய அடி.

மாறுகிறது என்பது சரி, நட்சத்திரப் பிறப்பு எப்படி மாறியது? 1995 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கி சப்தரிஷி மண்டலத்தின் பக்கம், வெறுமையாகத் தெரிந்த ஒரு துண்டு வானத்தைப் பத்து நாள் விடாமல் படமெடுத்தது. எவ்வளவு பெரிய துண்டு? கையை நீட்டி விரல் நுனியில் ஒரு சாமை மணியைப் பிடித்தால் அது மறைக்கும் இடத்தைவிடச் சிறியது. அதற்குள் சுமார் 3,000 கேலக்ஸிகள் இருந்தன. பக்கத்தில் இருப்பவை, தூரத்தில் இருப்பவை, மிகத் தூரத்தில் இருப்பவை என்று எல்லாம் கலந்து. இளம் நட்சத்திரங்களில் கனமானவை நீலமாகவும் புற ஊதாவிலும் கொளுத்திவிட்டுச் சீக்கிரம் மடிந்துவிடும். அதனால் ஒரு கேலக்ஸியில் நீலமும் புற ஊதாவும் எவ்வளவு என்று பார்த்தால், அங்கே அப்போது எத்தனை நட்சத்திரம் பிறந்துகொண்டிருந்தது என்று கணக்கிடலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரசவம் நடக்கும் இடம் தூசு மண்டியது. தூசு அந்த ஒளியை விழுங்கி, வெப்பமாக, அகச்சிவப்பாகத்தான் வெளியே விடும். அகச்சிவப்பையும் சேர்த்து எண்ணாவிட்டால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். பின்னால் வந்த ஆண்டுகளில் அதையும் சேர்த்துத் திருத்தினார்கள்.

திருத்திய பிறகு கிடைத்த கதை இது. தொடக்கத்தில் பிறப்பு மெதுவாக ஆரம்பித்து, ஏறிக்கொண்டே போய், சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தைத் தொட்டது. அந்தக் காலத்தை வானியலாளர்கள் பிரபஞ்சத்தின் உச்சிப்பொழுது என்கிறார்கள். அதற்குப் பிறகு இறக்கம்தான், இன்றுவரை. இன்றைக்கு இருக்கும் நட்சத்திரங்களின் நிறையில் பாதி, ஏறத்தாழ 900 கோடி ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்துவிட்டது. பிரபஞ்ச வாழ்நாளின் பின்பாதி முழுவதிலும் சேர்ந்தது கால்வாசிதான். நம் சூரியன் அந்தக் கால்வாசியில் தோன்றியது, பொழுது நன்றாகச் சாய்ந்த பிறகு. அதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. முந்தைய தலைமுறை நட்சத்திரங்கள் வெந்து வெடித்துச் சிதறிய கரியும் இரும்பும் ஆக்சிஜனும் அதற்குள் வாயுவில் நிறையக் கலந்துவிட்டிருந்தன. உங்கள் மலையின் செம்மண்ணிலுள்ள இரும்பு அப்படி வந்ததுதான்.

ஏன் குறைந்தது என்ற கேள்விக்குத்தான் பதில் நீண்ட நாள் கிடைக்காமல் இருந்தது. எல்லாரும் வாயுவைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆனால் 800 கோடி ஆண்டுக்கு முந்தைய கேலக்ஸிகளில் ஹைட்ரஜன் அணு வாயு எவ்வளவு இருந்தது என்று யாராலும் அளக்க முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். ஹைட்ரஜன் அணு 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு மெல்லிய ரேடியோ சமிக்ஞை விடும். ஒரு அணு தானாக அப்படிச் சமிக்ஞை விட, சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒரு கேலக்ஸியில் அணுக்கள் எண்ணிலடங்காமல் இருப்பதால்தான் அது கேட்கிறது, அதுவும் பக்கத்துக் கேலக்ஸியில். 800 கோடி ஆண்டுத் தொலைவில் ஒரு கேலக்ஸியின் குரல் இன்றைய ரேடியோ தொலைநோக்கிகளுக்குச் சாதாரணமாகத் தனியாக எட்டாது.

இந்தச் சுவரைத் தாண்டியவர்கள் புனேக்காரர்கள். புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் அருகே ஜி.எம்.ஆர்.டி. இருக்கிறது. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள், 25 கிலோமீட்டர் பரப்புக்கு விரித்து வைத்த ரேடியோ தொலைநோக்கி. இதுவும் கோவிந்த் ஸ்வரூப்பின் கனவுதான். அங்கே ஆதித்ய சௌத்ரி, நிசிம் கானேகர், ஜெயராம் செங்கலூர் ஆகியோர், பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். பிரபஞ்சம் விரிவதால் அந்த 21 சென்டிமீட்டர் அலை வழியில் இழுபட்டு, 42 சென்டிமீட்டர் அளவில் வந்து சேரும். மேம்படுத்திய ஜி.எம்.ஆர்.டி.க்கு அது சரியான அலைவரிசை. ஏற்கெனவே இடமும் தூரமும் தெரிந்த 7,653 கேலக்ஸிகளின் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் தூரத்துக்கு ஏற்பச் சரி செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினார்கள்.

இதை உங்கள் மாணவர்களுக்கு விளக்க ஆகாய கங்கை இருக்கிறது. அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து அந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கும்போது, அருவி கண்ணில் படும் முன்னாலேயே இரைச்சல் கேட்டுவிடும். விழுகிற ஒரு துளியின் சத்தம் அந்தத் தூரத்துக்குக் கேட்குமா? கேட்காது. எல்லாத் துளியும் சேர்ந்த சத்தம் கேட்கிறது. அதிலிருந்து தண்ணீர் அதிகமா குறைவா என்று படியில் நின்றே சொல்லிவிடலாம். 7,653 கேலக்ஸிகளின் சேர்ந்த குரலை இப்படித்தான் கேட்டார்கள். 2020 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியானது.

கேட்டதில் கிடைத்தது என்ன? அந்தக் கேலக்ஸிகளிடம் வாயு ஏராளமாக இருந்தது. அதுவரை சேர்ந்திருந்த நட்சத்திரங்களின் நிறையைவிடவே அதிகம். ஆனால் செலவழித்த வேகத்தில் அந்தக் கையிருப்பு நூறு, இருநூறு கோடி ஆண்டுகளுக்குத்தான் காணும். கேலக்ஸியின் ஆயுளில் அது கொஞ்ச காலம். அப்படியானால் பிறப்பு அப்படியே தொடர, வெளியிலிருந்து புது வாயு அதே வேகத்தில் வந்து நிரப்ப வேண்டும். நிரப்பியிருந்தால் பிறப்பு குறைந்திருக்காது. குறைந்தது, ஆகவே நிரப்பவில்லை. அதே குழு பின்னர் 500 மணி நேரத்துக்கு மேல் கேட்டு, 11,000க்கும் மேற்பட்ட கேலக்ஸிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சுமார் 100 கோடி ஆண்டு இடைவெளிக்குள் சராசரி வாயு மூன்றில் ஒரு பங்காகச் சரிந்ததும் தெரிந்தது.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது எளிது. கேலக்ஸி ஓர் ஏரி. ஏரிக்கு அதன் கொள்ளளவு முக்கியமில்லை, வரத்துதான் முக்கியம். வாய்க்கால் ஓடும்வரை எத்தனை மதகு திறந்தாலும் பாசனம் நடக்கும். வரத்து நின்றால், கரை ததும்ப நிற்கும் ஏரியும் ஒரு போகத்தோடு சரி. பழைய பிரபஞ்சம் இன்றைக்கு இருப்பதைவிட நெருக்கமாக இருந்தது. கேலக்ஸிகளுக்கு இடையிலிருந்த வாயு குளிர்ந்த ஓடைகளாக உள்ளே பாய்ந்தது என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. பிரபஞ்சம் விரிய விரிய அந்த ஓடைகள் மெலிந்தன. பல்லாயிரம் கேலக்ஸிகளை எண்ணிக் கூட்டிய இந்த வேலைக்கு அழகான படம் ஏதும் கிடையாது. பத்திரிகை அட்டையில் போட முடியாது. ஆனால் என்னைக் கேட்டால், இந்தத் துறையில் நம் நாட்டிலிருந்து வந்த பங்களிப்புகளில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

வரத்து மெலிவது ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். ஏரிக்கரை உடைவதும் உண்டு. கனமான நட்சத்திரங்கள் வெடிக்கும்போது சிறிய கேலக்ஸிகளிலிருந்து வாயுவை வெளியே ஊதித் தள்ளிவிடும். பெரிய கேலக்ஸிகளின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை சுற்றியுள்ள வாயுவைச் சூடேற்றிவிடும். சூடான வாயு திரளாது. கன்னி ராசித் திசையிலுள்ள எம்87 கேலக்ஸியின் கருந்துளையைத்தான் 2019இல் முதன்முதலாகப் படமெடுத்துக் காட்டினார்கள். 650 கோடி சூரியன் நிறை அதற்கு. அந்தக் கேலக்ஸி நீள்வட்டமாக, மஞ்சள் நிறத்தில், ஏறக்குறையப் புது நட்சத்திரமே இல்லாமல் இருக்கிறது. கூட்டமாக வாழும் கேலக்ஸிகளுக்கு இன்னொரு ஆபத்து: கூட்டத்துக்குள் பாய்ந்து விழும்போது எதிர்க்காற்றில் துண்டு பறப்பதுபோல் அவற்றின் வாயு பிய்ந்து போய்விடும். நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புற ஊதாத் தொலைநோக்கி, பிய்ந்துபோகும் அந்த வால்களிலேயே நட்சத்திரங்கள் பிறப்பதைப் படமெடுத்திருக்கிறது. வகுப்பில் சுருள் கேலக்ஸி, நீள்வட்டக் கேலக்ஸி என்று வகை பிரித்து நடத்தும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பொதுவாக நீலச் சுருள் என்றால் வாயு இருக்கிறது. மஞ்சள் நீள்வட்டம் என்றால் தீர்ந்துவிட்டது.

இந்தக் கதையின் முதல் அத்தியாயம் மட்டும் இப்போது திருத்தி எழுதப்படுகிறது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிரபஞ்சம் பிறந்து 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்துக் கேலக்ஸிகளைப் பார்த்துவிட்டது. எதிர்பார்த்ததைவிட அவை பிரகாசமாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருக்கின்றன. இதிலும் புனேக்காரர்களின் கை இருக்கிறது. ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் இருவரும் 2025இல் அறிவித்த ஒரு கேலக்ஸியின் பெயர் அலக்நந்தா. நம் கேலக்ஸியான பால்வெளிக்கு இந்தியில் மந்தாகினி என்று பெயர். இமயத்தில் மந்தாகினியின் உடன்பிறப்பான ஆறு அலக்நந்தா. அதனால் அந்தப் பெயர். பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆகியிருந்தபோது, இரண்டு கைகளும் அழகாகச் சுருண்ட கேலக்ஸியாக அது நின்றுகொண்டிருந்தது. அந்த வயதில் கேலக்ஸிகள் கட்டிகட்டியாக, உருவமில்லாமல்தான் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அலக்நந்தா ஆண்டுக்குச் சுமார் 60 சூரியன் நிறை அளவுக்கு நட்சத்திரம் பெற்றுக்கொண்டிருந்தது. நம் பால்வெளியின் இன்றைய கணக்கு ஆண்டுக்கு இரண்டு சூரியன் அளவு, அவ்வளவுதான்.

அப்படியானால் பால்வெளி ஓய்ந்துவிடுமா என்று அந்தப் பையன் கேட்பான். நிச்சயம் கேட்பான். உடனே இல்லை. பால்வெளிக்கு வெளியிலிருந்து இன்னும் கொஞ்சம் வாயு வந்து விழுந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலுள்ள மெகல்லன் மேகங்கள் என்ற இரண்டு சிறு கேலக்ஸிகளின் பின்னாலும் நீண்ட வாயு ஓடை ஒன்று இழுபடுகிறது. சிற்றோடை என்றாலும் வரத்து வரத்துதான்.

கடைசியாகப் பூங்கா. தமிழ்நாடு அரசு கொல்லிமலையில் இருள்வான் பூங்கா அமைப்பதாக அறிவித்தபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். லடாக்கில் ஹான்லே கிராமத்தைச் சுற்றி இப்படி ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே ஊர்க்காரர்களுக்கே தொலைநோக்கி கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு அவர்கள்தான் வானம் காட்டுகிறார்கள். உங்கள் பிள்ளைகளும் அப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். நான் மேலே எழுதிய தூரத்துக் கேலக்ஸி எதையும் பூங்காவின் தொலைநோக்கியில் பார்க்க முடியாது. ஓரியன் நெபுலாவின் மேகத்தைப் பார்க்கலாம், ஒமேகா சென்டாரியின் நட்சத்திர உருண்டையைப் பார்க்கலாம். அதற்கும் வானம் இருட்டாக இருக்க வேண்டும். நாமக்கல் பக்கத்துச் சமவெளியின் வெளிச்சம் இப்போதே தொடுவானத்தில் கசிகிறது. அதை உங்களால் நிறுத்த முடியாது. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் புதிதாகப் போடும் தெருவிளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, தரையை மட்டும் பார்க்கும்படி, மஞ்சள் விளக்காகப் போடச் சொல்லி ஊராட்சியில் மனுக் கொடுக்க முடியும். பிள்ளைகளையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பூங்கா வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கேலக்ஸி ஒன்று வெறும் கண்ணுக்கே தெரியும். கார்த்திகை மாதத்தில் மழை மேகம் தொல்லை செய்யும், அதனால் தை அமாவாசையை ஒட்டி ஏழு மணிக்கு முற்றத்துக்கு வாருங்கள். செல்போன், டார்ச் எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும். பிறகு மேற்கே, கட்டிலின் நான்கு கால்கள்போல நான்கு நட்சத்திரங்கள் ஒரு பெரிய சதுரமாக நிற்பதைத் தேடுங்கள். பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்த சதுரம் அது. அதன் உச்சியிலுள்ள வடக்குப் பக்கத்துக் காலிலிருந்து ஒரு நட்சத்திர வரிசை மேல்நோக்கி வளைந்து போகும். அந்தக் காலை விட்டுவிட்டு வரிசையில் இரண்டாவதாக வரும் நட்சத்திரத்தில் நின்று, வடக்கே திரும்பி இரண்டு மங்கலான நட்சத்திரங்களை எண்ணுங்கள். இரண்டாவதன் ஓரத்தில், நேராகப் பார்த்தால் மறைந்து, கடைக்கண்ணால் பார்த்தால் தெரிகிற ஒரு வெண்திட்டு இருக்கும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் பால்வெளியைவிடப் பெரிய கேலக்ஸி, நட்சத்திரங்களும் அதிகம். ஆனால் அங்கே இப்போது புதிதாகப் பிறப்பது ஆண்டுக்கு ஒரு சூரியன் அளவுகூட இல்லை. முன்னாடி நிறையப் பிறந்துவிட்டு, இப்போது வரத்துக் குறைந்து நிற்கும் ஏரி அது. அந்தப் பையனை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.